எண்பத்து மூன்றாம் வில்லை

முதல் கூட்டத்தொடரில் எனக்கு வேலையே இல்லை.
ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது; டான்யூப் காற்று
உறுப்பினர்களோடு வந்து உட்கார்ந்துகொண்டது.
கோட்டை யாரும் கழற்றவில்லை.
கையுறையோடு தூக்கிய கைகளில்
சம்மதம் எது, நடுக்கம் எது?

மறுவருடம் கண்ணாடி வந்தது. கோட்டுகளும்:
ஒட்டுப்போட்டவை, செத்த அண்ணனுடையவை,
குதிரை வாசம் போகாத பார்டோஸ் வெந்தெலுடையது.
மணி அடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிடும்
இன்று கோரம் உண்டா என்று.

சபாநாயகருக்கு முதல் கொக்கி.
மூன்று வருடத்தில் நான்கு கோட்டுகள்.
கொக்கி மட்டும் பதவியில் நீடித்தது.

வெந்தெல் பேசிக்கொண்டிருந்தபோதே
பக்கக் கதவு வழியாக அழைத்துப் போனார்கள்,
டிசம்பரில், வெறும் சட்டையோடு.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது
என்கிறது அவைக்குறிப்பு.
அன்றிரவு என் கணக்கேட்டில் எழுதினேன்:
கோட்டு ஒன்று மீதி.