பதினோரு செடி

நாற்று ஒன்று ஐம்பது காசு.
பாதி செத்துப்போகும் என்று கணக்குப்போட்டுத்தான்
பதினொன்று வைத்தேன்.
ஒன்றுகூடச் சாகவில்லை.

பீடோர் மழைக்கு மணி நாலானால் போதும்,
வந்து என் செடிகளை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறது.
கத்தரி சுருண்டது. வெண்டையில் பூச்சி.
மிளகாய் மட்டும்
வட்டிக்காரன் போல விடிந்ததும் பின்வாசலில்.

முதல் வாரம் பெருமை. பருப்பில் ஆறு, ரசத்தில் நாலு.
இரண்டாம் வாரம் என் வீட்டுக்காரர்
தட்டைத் தள்ளிவைத்துத் தயிர் மட்டும் கேட்டார்.

பசார் மாலாமில் விற்கக் கொண்டுபோனேன்.
காய்கறிக்கார ஆ லெக்
பேசாமல் தன் கூடையின் சாக்கை விலக்கிக் காட்டினார்:
அடிவரைக்கும் மிளகாய்.
விலைக்குப் பதில் வழி சொன்னார்.
வட்டமாய் அரி, கொதிநீர் ஊற்று, உடனே வடி,
சுக்கா, உப்பு, ஒரு கரண்டி சீனி,
மறுநாள் மீயோடு தொட்டுக்கொள்.
ஒன்பது ஜாம் போத்தல் நிரம்பியது.
வீட்டில் இருப்பது இரண்டு வாய்.

அடுத்த வீட்டு ரொஹானா
பெலாச்சானைச் சுட்டுக்கொண்டே சொன்னாள்:
எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை
அடுப்பை விட்டு நகராதே.
நகர்ந்தேன்.
எதிர் வீட்டு நாய்கூடத் தும்மியது.

மோர்மிளகாய்க்குக் கீறி, உப்பிட்டு,
புளித்த தயிரில் மூன்று ராத்திரி.
வெயிலை நம்ப முடியாத ஊர்.
பழைய சாகா காரின் டேஷ்போர்டில் பேப்பர் விரித்துப் பரப்பி
கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.
ஐந்தாம் நாள் சருகாய்க் கலகலத்தது.
அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகையில்
சாலைத் தடுப்பில் கண்ணாடியை இறக்க,
குனிந்த இளம் போலீஸ்காரர் ஒரு மூச்சு இழுத்தார்.
லைசென்ஸ் கேட்கவில்லை.
போ போ என்று கைதான் ஆடியது.

மிச்சத்தை, காம்பு கிள்ளாமல் ஈரம் துடைத்து
ஐஸ்கிரீம் டப்பாவில் உறையவைத்தேன்.
மூடியில் வெனிலா படம்.
கிள்ளானிலிருந்து வந்த மகன் நடுராத்திரி அதைத் திறந்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இது வேறு.

மில் எடைப்பாலத்தில் எனக்குக் காலை வேலை.
காம்பு கிள்ளிய கையைக் கழுவித்தான் போனேன்,
ஆனாலும் மறந்து கண்ணைத் தேய்த்துவிட்டேன்.
செம்பனைக் குலையோடு பாலத்தில் லாரி,
இறங்கி வந்த சத்தியசீலன்
என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்:
"உங்க நாத்தனார் இன்னும் பேசலியாக்கா?"

ஊருக்கே தெரியும்.
மாமனாரின் இபிஎப் பணம், ஒரு வார்த்தை நீண்டது,
இரண்டு வருசம். மூன்று சந்து தள்ளித்தான் அவள் வீடு.
மிளகாய்தான்டா, என்றேன்.
அவன் நம்பவில்லை.
தேங்காயெண்ணெய் தடவி எரிச்சல் அடங்கிய பிறகும்
வழிந்தது எதனால் என்று எனக்கும் தெரியவில்லை.
எடைச் சீட்டில் ஒரு டன் கூட்டி எழுதி
அடித்துத் திருத்தினேன்.

அன்று இரவு மல்லிகேஸ்வரி வீட்டுக் கேட்டில்
ஒரு பையை மாட்டிவிட்டு வந்தேன்.
நீல ராஃபியா கயிறு, இரட்டை முடிச்சு.
பேர் எழுதவில்லை. மணி அடிக்கவில்லை.
நாய் குரைக்கும்முன் ஓடிவந்த நடைக்கு
ஐம்பத்திரண்டு வயது.

மூன்றாம் நாள் என் கேட்டில் அதே பை.
கயிறு என்னுடையது,
முடிச்சு என்னுடையது இல்லை.
வேண்டாம் என்று திருப்பிவிட்டாள்,
என்று தூக்கினால், கனம் கூடியிருந்தது.
உள்ளே மிளகாய்.
என் செடியில் காய்ப்பது குட்டை. இது நீளம்,
நுனியில் லேசான வளைவு.

அவளும் வைத்திருக்கிறாள்.
அவளுக்கும் ஒன்றும் சாகவில்லை.

கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
ரொஹானா எட்டிப்பார்த்து உள்ளே போய்விட்டாள்.

சுக்கா தீர்ந்துவிட்டது, கடைக்குப் போனேன்.
எத்தனை போத்தல், என்றார் தவுக்கே.
இருங்க,
அங்கே எத்தனை செடி என்று
கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.