ஐந்தொகை

பெயிண்டுக் கடையின் பழைய கணக்கு நோட்டில்
கடைசி நாலு பக்கம் காலியாக இருந்தது.
வயிரவன் அண்ணனிடம் கேட்டுத்தான் கிழித்தேன்.
"எதுக்கு?"
"படிப்புக்கு."
"எந்தப் பிள்ளைக்கு?"
"எனக்கு."
அவர் கம்பியில் இன்னும் இரண்டு ரசீதைக் குத்திவிட்டு
டீ சொல்லப் போனார்.

முதல் வருஷம் எழுதியாயிற்று:
உளவியல் அறிமுகம், நாலு கிரெடிட்.
வளர்ச்சிப் பருவங்கள், நாலு.
ஆங்கிலம், மூன்று. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
இரண்டாம் வருஷத்தில்
சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல்,
அப்புறம் ஒரு கட்டம், வெறும் பென்சிலில்.

இரண்டு வருஷம் இங்கே, செக்காலைப் பக்கம்,
கடை சாத்திய பிறகு சைக்கிள் தூரத்தில்.
மூன்றாம் வருஷம் நேரே பல்கலைக்கழகம்,
அவர்கள் பட்டியலும் நம் பட்டியலும்
தாளுக்குத் தாள் ஒத்துப்போனால்.

கிரெடிட் என்றால் எனக்குத் தெரியும்.
புதுவயல் மேஸ்திரி எட்டு டின் டிஸ்டெம்பர் எடுத்துப்போய்
தை பிறந்தால் தருகிறேன் என்றது கிரெடிட்.
எந்தத் தை என்று அவர் சொல்லவில்லை.

டிரான்ஸ்ஃபரும் தெரியும்.
அப்பா மின்வாரியத்தில் வயர்மேன்.
சிங்கம்புணரி, இளையான்குடி, திருப்புவனம், தேவகோட்டை.
ஆர்டர் வந்த அன்றைக்கு அம்மா
அரிசி டின்னை முதலில் கட்டுவாள்.
நாங்கள் போய்ச் சேரும்போதெல்லாம்
அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்
பின்னங்களை நடத்தி முடித்திருப்பார்கள்.
என் பின்னங்கள்
வழியில் எந்த நிறுத்தத்திலோ இறங்கிக்கொண்டன.

அதனால்தான் இந்தத் தடவை
முன்கூட்டியே போன் போட்டுக் கேட்கிறேன்,
எது செல்லும், எது செல்லாது.
மூன்றாவது நாள் ஒரு அம்மா எடுத்தார்கள்.
"புள்ளியியல் படிச்சிருக்கீங்களா?"
"அந்தத் தாள் இங்க இல்லைங்க."
"அப்ப மூணாம் வருஷம் கிடையாது.
ரெண்டாவதுலதான் உட்காரணும்."

ஒரு தாளுக்கு ஒரு வருஷம்.
வட்டி அதிகம்.

தம்பி இளவேந்தன்
கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல்.
முதலாளி மலேசியாவில்.
அறுபத்தி மூன்று கதவு.
ஒவ்வொன்றையும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான்.
நடுவில் நாய் குரைத்தால்
முதல் கதவிலிருந்து மறுபடி.
இப்படிப் பொறுப்பான பையன் எங்கே கிடைப்பான் என்று
தீபாவளிக்குச் சம்பளத்தில் ஆயிரம் கூட்டினார்கள்.
அவன் படுப்பது விடிகாலை நாலுக்கு.

அவனுக்காகப் படிக்கிறேன் என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும். முழுக்க உண்மை இல்லை.
ஒன்பதாம் வகுப்பில், வடை மடித்துக் கொடுத்த தாளில்
'மறதி ஏன்?' என்று பாதிக் கட்டுரை கிடைத்தது.
மீதிப் பாதியில்
வேறு யாரோ வடை வாங்கிப் போயிருந்தார்கள்.
அந்த மீதி வேண்டும் எனக்கு.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.
"அக்கா, இருபத்தெட்டாவதைப் பூட்டிட்டேன்ல?"
பதினைந்து கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருந்து
இத்தனை வருஷமும்
"பூட்டிட்டடா" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
போன வாரப் பாடத்தில் இருந்தது,
உறுதி கொடுக்கக் கொடுக்க
கேள்விக்குப் பசி கூடும் என்று.
"தெரியலடா" என்றேன்.
போனை வைக்கவில்லை.
அவன் மூச்சு. அந்தப் பக்கம் ஏதோ பூச்சி.
சாவிக்கொத்து ஒரு முறை அசைந்து நின்றது.
இருபது நிமிஷம்.
போய்ப் பார்த்தானா, படுத்தானா, சொல்லவில்லை.
எனக்கும் சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை.
இதை எழுத
நாலு பக்கத்திலும் கட்டம் இல்லை.

புள்ளியியலைத் தபாலில் படிக்கலாமாம்,
மே மாதம் தேர்வு.
கட்டணம் ஆயிரத்து எண்ணூறு.
அண்ணன் ஐந்தொகை போடும்போது
மேஸ்திரியின் எட்டு டின்னையும்
வரவேண்டியது என்றுதான் எழுதுவார், வருஷா வருஷம்.
நானும் பென்சில் கட்டத்தின் மேல்
பேனாவை ஓட்டினேன்.

இன்று மத்தியானம் பழைய புத்தகக் கடையில்
ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கேட்டேன்.
அட்டை இல்லை, பின்னங்கள் முழுசாக இருந்தன.
"எந்தப் பிள்ளைக்கு?" என்றார் கடைக்காரர்.
இருபது ரூபாயைச் சில்லறையாக
எண்ணிக் கொடுத்தேன்.