நாலாம் எண் கேமரா

சாப்டூர் மலையடியில் சிவராத்திரிக்கு
இருபது நாள் இருக்கும்போதே
மரங்களுக்குக் கண் கட்டுவோம்.
பார்வையை மறைக்கும் கட்டு இல்லை,
கண்ணையே கொண்டுபோய்க் கட்டுவது.

பாரிவேட்டைக்காரன் ஏறுவதற்கு முன்னே
மான் எங்கே நிற்கிறதென்று
நமக்குத் தெரிய வேண்டும் என்பார் ரேஞ்சர்.
அவனுக்கு அது எப்பவோ தெரியும்.

முழங்கால் உயரம். வடக்கே பார்த்த முகம்.
வெயில் விழுந்தால் பாறை சுடும்,
சுட்ட பாறையையும் மிருகமென்று
படமெடுத்துத் தள்ளும் பெட்டி.
சிவப்பு விளக்கு மினுங்கும்வரை
நாலு காலில் நானே நடந்து காட்டுவேன்.
ஆகவே பட்டியலில் முதல் மிருகம்
எப்போதும் ஒச்சுக்காளை, தினக்கூலி.

பதினாறாம் நாள் அட்டையைக் கழற்றினேன்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு படம்.
ஆயிரத்து எண்ணூறில்
காற்றுக்கு ஆடிய ஒரே சுக்குநாறிப் புல்.
காட்டுக்கோழிச் சேவல் ஒன்று
கண்ணாடியில் தன்னைக் கண்டு
மூன்று நாள் கொத்தியிருந்தது.
முகமில்லாத மயில், தோகையின் நுனி மட்டும்.
முள்ளம்பன்றி, ராத்திரி இரண்டேகாலுக்கு,
கடன்காரனைக் கண்ட நடையில்.
அனுமதியில்லாத வெள்ளாடு பதினொன்று
(ஒன்று எங்கள் வீட்டுடையது).

பிறகு அது.

காலை ஆறு பத்து. பத்தொன்பது டிகிரி. தேய்பிறை.
நீர்க்குழிக்கு அந்தப்பக்கம் மிளா.
கிடா. கொம்புக்கு மும்மூன்று கிளை.
நாலு வருஷமாகக் குளம்படியாக மட்டுமே
நான் அறிந்திருந்தவன்.
இந்தப்பக்கம், கேமராவுக்கு நாலே முழத்தில்,
விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு
சேலையை ஒதுக்கி உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி.
மறைவென்று நம்பித்தான் வந்திருந்தாள்.
அதுவும்தான்.

என்னைத் தவிர அங்கே யாருமில்லை.
இருந்தும் திரும்பி
படத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன்.
முகத்தைத் தேடவில்லை. தேடாமலே தெரிந்தது
வாரறுந்த செருப்பும்
அதைக் கட்டியிருந்த மஞ்சள் சணலும்.

ஆபீசில் பெரிய திரையில் போடுவார்கள்.
டீ வரும். டிரைவர் தவசி
ஜன்னலில் கைவைத்து எட்டிப் பார்ப்பான்.

அழிக்கவா, என்று கேட்டது பெட்டி.
மானை வைத்துக்கொண்டு
அவளை மட்டும் அனுப்பிவைக்க
அதில் பொத்தான் கிடையாது.
ஆம்.

கேமராவைக் கழற்றி, தடத்தை விட்டு,
கிழக்கே பாறையைப் பார்க்கத் திருப்பிக் கட்டினேன்.

நாலாம் எண்: புள்ளிமான் பெட்டை ஆறு,
காட்டுக்கோழி ஒன்பது, மிளா இல்லை.
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
மிளா இல்லாத இடத்துக்குச்
சிவராத்திரியன்று ஆள் கிடையாது.
ஒன்றாம் எண்ணுக்கு ஜீப், ஏழாம் எண்ணுக்கு வயர்லெஸ்,
இரண்டுக்கும் நந்நாலு பேர்.

வயிறு சரியில்லை என்று லீவு கேட்டேன்.

நிலவில்லாத ராத்திரி. பாறை மேல் உட்கார்ந்து
ஆள் இருப்பது தெரியட்டுமென்று
பீடி பற்றவைத்தேன், இருமினேன்,
இல்லாத ஒருத்தனோடு சத்தமாய்ப் பேசினேன்.
பத்தரைக்கு ஓடையின் கீழே நாய்கள்.
டார்ச் ஒன்று மேலே தடவியது.
என் இருமலை எண்ணியதுபோல் சற்று நின்று
வந்த வழியே இறங்கியது.
பீடி தீர்ந்தபின் கொசுக்கள் மட்டும்.

திருப்பிக் கட்டிய கண்
எங்கே பார்க்கும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

பெரிய திரையில் நூற்று நாற்பத்து மூன்று படம்,
எல்லாம் நான். சொறிகிற நான், இருமுகிற நான்,
துண்டால் தலையை மூடிய நான்.
‘வயிறு இப்ப எப்படி இருக்கு ஒச்சு?’
தவசி ஜன்னலில் குலுங்கினான்.
ரேஞ்சர் தள்ளிக்கொண்டே வந்து
நாலு நாற்பதில் நிறுத்தினார்.
தலை தொங்கித் தூங்குகிறேன்.
தோளுக்குப் பின்னால், என் உயரத்துக்கும் மேலே,
அருகருகே இரண்டு வெளிச்சப் புள்ளி.

‘இதென்னய்யா?’
கிட்டே போய்ப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.
‘மின்மினி சார்.’