வெறுந்தட்டு

தலவாக்கலை. பேக்கரிக்கு மேல்மாடி.
ஏழரைக்கு இயந்திரத்தை எழுப்புகிறேன்.
தையல் மெஷின் மேசையில் அடங்கும் உடம்பு,
இரண்டு மூக்கு, இருபத்தெட்டு நாடாச் சுருள்.
கொழும்பில் கடன் முற்றிய ஒருவனிடமிருந்து
பாதி விலைக்கு, பழுதோடு.

பசைக் குப்பி என் ஸ்வெட்டருக்குள் இருக்கிறது.
இந்தக் குளிரில் விறைத்துப்போனால்
ஸ்டென்சில் ஓட்டைகளில் இறங்காது.
கக்கத்தில் இடுக்கியபடி மாலுபாண் தின்கிறேன்.
படியில் நின்று பவாஸ் நானா கேட்கிறார்:
"என்ன புள்ள, காய்ச்சலா?"

பிறகு அந்தச் சத்தம்.
டிக்.
நாடா ஒரு பல் நகரும், மேலுறை உரியும்,
மூக்கு குனிந்து மூச்சை உள்ளிழுக்கும்.
சீனிப் பருக்கை அளவு ரெசிஸ்டர்
நுனியில் ஒட்டிக்கொண்டு மேலெழும்பும்.
கீழ்க்கண் அண்ணாந்து பார்த்து
எத்தனை பாகை கோணல் என்று கணக்கிட,
திருப்பி
வைக்கும்.
ஓர் அட்டைக்கு நாற்பத்தொரு தடவை.

கடன் தந்த வங்கியிலிருந்து வந்தவர் சொன்னார்,
"அப்படியே கொழுந்து கிள்ளுற மாதிரி இருக்கே!"
அன்று சிந்தாமணி அக்காவும் இருந்தாள்.
"அட்டை கடிக்குமா இதை?" என்று மட்டும் கேட்டாள்.
அவள் சொன்ன அட்டை வேறு,
கால் விரலிடுக்கில் இரத்தம் குடிப்பது.
அவர் என் பச்சை அட்டையைக் கையிலெடுத்து
ஓரம் கூராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
மூட்டம் விலகி வெயில் சரிந்தது,
நேரே கீழ்க்கண்ணில்.
அதன்பின் எடுத்ததெல்லாம் பிழை.
எடுக்கும், பார்க்கும், நம்பாது, உதறும்.
எடுக்கும், பார்க்கும், உதறும்.
கழிவுப் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன்:
நூற்றுப் பதினேழு.
ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

இந்தத் தீர்ப்பு எனக்குப் பழக்கம்தான்.
தளிரை முற்றல் என்று தள்ளுவது,
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று கழிப்பது,
பதினேழரையில் முள்ளை நிறுத்தி
அரைப்பேர் போடுவது.
ஆனால் இங்கே முறைத்துப் பார்க்க முகமில்லை,
ஒரு லென்ஸ், கொஞ்சம் வெளிச்சம்.
அக்காவின் பழைய படங்கை
ஜன்னல் சட்டத்தில் ஆணியடித்தேன்.
கறுப்பு ரப்பர், இடுப்பில் கயிறு அறுத்த தடம்.
அறை இருண்டது. கண் தெளிந்தது.

முப்பத்தேழாவது அட்டையில்
பாதியில் கரண்ட் போனது.
மிச்சத்தைச் சாமணத்தால் வைத்தேன்,
கைபேசி வெளிச்சத்தில், மூச்சைப் பிடித்து.
ஒரு தும்மல்.
அந்தக் கப்பாசிட்டர் இன்றுவரை கிடைக்கவில்லை.

கரண்ட் வந்ததும் அடுப்பு.
பாண் சூட்டும் அடுப்புத்தான், மூளை மட்டும் நான் வைத்தது.
கீழே பாண் வேக, மேலே ஈயமில்லாப் பசை வேக,
இரண்டு வாசமும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும்.
இருநூற்று நாற்பது பாகையில் சாம்பல் நிறம்
சட்டென வெள்ளியாக உடையும்.
அந்த நொடியில், சற்றே சரிந்து கிடந்தவை எல்லாம்
யாரும் தொடாமல் நேராகிக்கொள்ளும்.
எத்தனை தரம் பார்த்தாலும்
கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோய்விடுகிறேன்.

அந்தியில் அக்கா வந்தாள், கூடையோடு.
முதல் அட்டையைத் தராசில் பொருத்தியிருந்தேன்.
இலக்கங்கள் இரண்டு பக்கமும் எரியும்,
எழுதுகிறவருக்கு ஒன்று, கொண்டுவருகிறவளுக்கு ஒன்று.
கூடையை வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.
"மொதல்ல சும்மா காட்டு."

வெறுந்தட்டு.
பூச்சியம். பூச்சியம். புள்ளி. பூச்சியம். பூச்சியம்.
குனிந்து, சுற்றி வந்து,
அந்தப் பக்கமும் அதுதானா என்று பார்த்தாள்.
இருபத்தாறு வருடம் நிறுத்திருக்கிறாள்,
ஒன்றுமில்லாத தட்டை
ஒருநாளும் அவளுக்குக் காட்டியதில்லை.

படங்கு அசைந்தது.
கடைசி இலக்கம் இரண்டாகி
மறுபடி அணைந்தது.

"அது யாரோடது?"
"காத்து, அக்கா."
"காத்துக்கும் பேர் போடுவியா?"

சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை,
அந்த இரண்டு கிராமை எங்கே கழிப்பது என்று
குறிப்புப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.