பெயர் வெட்டாத கிண்ணம்

கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் அறுபத்தெட்டு.
எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும்:
சு. உலகம்மாள், தேதி, கொடுத்தவர் யாரென்று.
எண்ணெய்த் தூக்குக்குக்கூட
விலாசம் உண்டு எங்கள் வீட்டில்.
ஒன்றையும் உள்ளே சேர்க்காது
இந்த மைக்ரோவேவ் பெட்டி.

வண்ணார்பேட்டையில் தவணைக்கு எடுத்தது.
கடைப்பையன் சொன்னதை நான் கேட்டேன்,
இவர் கேட்கவில்லை.
பெரிய மைனி பிரமநாயகி கொடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில்
ரசத்தை ஊற்றி வைத்துத் திருகிவிட்டார்.
உள்ளே நீலமாய் ஒரு வெட்டு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின்னினால்
இடி வரும்வரை ஒன்று இரண்டு எண்ணுவோமே,
அதற்குக்கூட நேரமில்லை.
சுவரில் சுவிட்சை அணைத்தேன்.
மைனி பெயரில் 'பி'யின் வளைவில் மட்டும்
கருப்பாய் ஒரு பொட்டு.
மைனியிடம் இன்னும் சொல்லவில்லை.

கூடங்குளத்தில் ஒப்பந்த வெல்டர் இவர்.
கதிர் அளக்கிற வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு
பதினாலு வருஷமாய்ப் போய் வருகிறவர்
அடுப்படி வாசலிலேயே நின்று கேட்கிறார்:
"இதுல இருந்து ஏதும் வெளிய வருமோட்டி?"
வராது.
கதவு மூடினால்தான் ஓடும், திறந்தால் நின்றுவிடும்.
விளிம்பில் பிசுக்கு ஏறாமல் துடைக்கணும்,
கீல் ஆடினால் ஆளைக் கூப்பிடணும், அவ்வளவுதான்.
தலையாட்டினார்.
மறுநாள் எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு
பதினைந்து ஆம்பியர் பிளக்கை இவரே போட்டார்,
எர்த்தை மூன்று தரம் சோதித்து.

எனக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ராத்திரி வேலை.
இவர் வீடு சேரப் பதினொன்றரை ஆகும்.
காலையில் நான் வரும்போது
செருப்புத் தடம் மட்டும் ஈரமாய் இருக்கும்.
அதனால் எங்கள் பேச்சு
பெட்டிமேல் ஒட்டும் சீட்டில்தான்.

'சோற்றில் தண்ணீர் தெளிக்கவும்.
தட்டால் மூடவும். கொஞ்சம் திறந்தாற்போல. ஆவி போகணும்.'

'சொதி இருக்கு. வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கவும்.
தேங்காய்ப்பால் திரிந்தால் திரிந்ததுதான்.'

'முட்டையை முழுசாய் வைக்கவே கூடாது.
நேற்று உள்கூரையைச் சுரண்டியது யார் தெரியுமா?'

எலுமிச்சை பிழிந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டுத்தான்
மஞ்சள் கரு இளகியது.
அதைச் சீட்டில் எழுத இடமில்லை.

'வெந்நீரை ரொம்ப நேரம் விடாதீர்கள்.
குமிழ் ஒன்றும் வராது, சாதுவாய் இருக்கும்.
கரண்டி பட்டதும் பொங்கும்.
முதலிலேயே மரக்கரண்டியைப் போட்டு வைக்கவும்.'
இதன் கீழே அவர் எழுத்தில் ஒரு வரி:
'நம்ம வீட்லயும் ஒரு ஆள் அப்டித்தான்.'

நேற்று இரவு அவசரமாய் ஏழு யூனிட்.
பஸ்ஸில் தூங்கி, சமாதானபுரத்தைத் தாண்டிப் போய்
நடந்து திரும்பினேன்.
பெட்டிமேல் பலகைப் பென்சிலில்
வெல்டர் கோடு போட்ட மாதிரி எழுத்து:

'இட்லி நாலு உள்ள. மேல ஈரத்துணி.
ஒரு நிமிசம். பெறவு ரெண்டு நிமிசம் தொடாத.
நின்ன பெறவும் உள்ளுக்குள்ள வெந்துட்டு இருக்கும்.'

கண்ணாடிக் கிண்ணம்.
பெட்டியோடு இலவசமாய் வந்தது,
இதில் மட்டும் யார் பெயரும் இல்லை.
ஒரு நிமிடம் சுற்றியது.
இரண்டு நிமிடம் நின்றேன்,
பையைக்கூட இறக்காமல்.

சுற்றிலும் இருந்த மூன்றும் ஆவி பறந்தன.
நடு இட்லி மட்டும் சில்லென்று இருந்தது.
அதையும் தின்றேன்.
இன்றைக்குச் சீட்டு எழுதணும்:

'வட்டமாய் அடுக்கவும்.
நடுவில் எதையும் வைக்க வேண்டாம்.'