நாற்பது தொட்டிக் கோரை

சேரன்மகாதேவி வயலோரம் முழங்காலுக்கு மேல் நின்றது.
மானூர்க் கரிசலில் வெடிப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.
பணகுடியில், காற்றாலைக் காலடியில்,
கணவாய்க் காற்று சீவிவிட்ட பக்கமே படுத்துக் கிடந்தது.
திசையன்விளைக்குக் கிழக்கே, தேரியில்,
தேடவே அரைநாள் ஆனது:
செம்மணலுக்கு மேல் இரண்டு விரல் இலை,
கீழே ஒரு முழம் தோண்டியும் தீராத நரம்பு,
அதன் நுனியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு.

எல்லாம் கோரைதான்.
தண்டை விரலிடையில் உருட்டினால் உருளாது,
மூன்று பட்டை.
கிழங்கை நகத்தால் கீறினால் அதே வாசம்.

இடத்துக்குப் பத்துக் கிழங்கு, நாற்பது தொட்டி,
ஒரே மண், ஒரே குவளைத் தண்ணீர்.
ஊரை எடுத்துவிட்டால் உருவத்தில் என்ன மிஞ்சும்?
விண்ணப்பத்தில் இதையே
நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தேன்.

தினக்கூலிக்கு வந்த முப்பிடாதி
இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:
"வயக்காட்டுல இதப் புடுங்கச் சம்பளம் தாராவ.
நீங்க தண்ணி ஊத்தி வளக்கிய.
யாருக்கும்மா நேர்ச்சை?"

இரண்டாம் மாதம் பணகுடிக்காரன் நிமிர்ந்துவிட்டான்;
படு என்று சொல்ல இங்கே காற்றில்லை.
கரிசலும் வயலும் தோளோடு தோள்.
அரை சென்டிமீட்டர் வித்தியாசம்,
அதுவும் என் கை நடுக்கமாக இருக்கலாம்.
தேரி மட்டும் அதே இரண்டு விரல்.
ஒருநாள் யாரும் பார்க்காதபோது
அதற்கு மட்டும் அரைக் குவளை கூட ஊற்றினேன்.
குறிப்பேட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை நான் லீவு.
திங்கள் வந்தால் நாற்பதும் மொட்டை.
"தொட்டியெல்லாம் ஒரே களை" என்றிருக்கிறார்
புதிதாக வந்த மேஸ்திரி.
ஒன்றுவிடாமல் பிடுங்கி, மண்ணைக் கொத்திவிட்டு,
விளிம்பைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள் முப்பிடாதி.
அத்தனை சுத்தம். திட்ட வாய் வரவில்லை.

ஒன்பதாம் நாள் வயல் தொட்டிகளில் பச்சை ஊசி.
மறுநாள் கரிசல்.
அப்புறம் பணகுடி, நேராக.
தேரிக்குப் பதினாறு நாள்.
இரண்டு விரல் வந்து நின்றுகொண்டது,
மேலே ஒரு சோலியும் இல்லை என்பதுபோல.

தொட்டியைத் தூக்கினேன், வரவில்லை.
அடித்துளை வழியே நரம்பை இறக்கி
சிமெண்டுத் தரைக் கீறலுக்குள்
எங்கோ கிழங்கு போட்டிருக்கிறது.

முப்பிடாதி களைக்கொத்தியை நீட்டினாள்.
என் கையில் ஸ்கேல்.
குறிப்பேட்டில் உயரத்துக்கு மட்டும்தான்
கட்டம் போட்டிருந்தேன்.