மூன்றாம் வடிவம்

முள்ளியவளை பஸ்ஸில்
ஐந்தடிக் கோலோடு ஏறினால்
கொண்டக்டர் சொல்லுவான்:
"தங்கச்சி, கொடிமரத்துக்கும் டிக்கெற் எடு."
ஒருமுறை பிரேக் பிடித்தபோது
அதன் கரிமுனை
முன்சீற் ரீச்சரின் வெள்ளைச் சேலையில்
ஒரு புள்ளடி போட்டது.
அன்றிரவே கொப்பியில் கோலை வெட்டினேன்,
மூன்றாக.

பரந்தனில் கேதாரனின் கடைச்சல் பட்டறை.
உழவு மெசின் அச்சுகளுக்கு நடுவே
என் அலுமினியக் குழாயை வாங்கிப் பார்த்து
பொம்பிளைப் பிள்ளைக்கு நெருப்போடை என்ன விளையாட்டென்று
கேட்காத ஒரே ஆள்.
அவன் கேட்டது: "சுவர் எத்தினை மில்லி?"
இரண்டு.
விட்டம் இருபத்தைந்து.

முதல் வடிவத்துக்கு மரை வெட்டினான்.
பூட்டுவது சுகம், போத்தல் மூடி போல.
ஆனால் கோல் கையில் மட்டும் சுழல்வதில்லை,
தோளில் ஏறும், பிடரியில் உருளும்,
மறுதோளால் இறங்கும்.
உருள உருள ஒரு முனை இறுகும்,
மறுமுனை கழரும்.
"ஒண்டை இடம்புரியாய் வெட்டுவம்" என்றான்.
வெட்டினான்.
முன்னே உருட்ட இரண்டும் இறுகின.
பின்னே உருட்ட
இரண்டும் பறந்தன, எரிந்தபடி.
ஒன்று வைக்கோலில் விழுந்தது.
அந்த வைக்கோலுக்கு
இன்னும் தவணை கட்டுகிறேன்.

இரண்டாம் வடிவம் பட்டறை வாசலில்
ஊன்றுகோலாக வந்து நின்றது.
அமிர்தகுலம் அண்ணை,
மாடு பார்க்கப் போகிற வழியில்
அடி இறப்பரை மாற்ற வந்தவர்.
மோட்டார் சைக்கிளில் ஏறுமுன்
ஊன்றுகோலின் இடுப்பில் ஒரு பொத்தானை அமத்தினார்.
டிக்.
நெஞ்சளவு நின்றது முழங்காலளவானது.
கேதாரனும் நானும்
ஒருவரையொருவர் பார்க்கவில்லை,
பொத்தானைப் பார்த்தோம்.
"இதைக் கழட்டிப் பாக்கலாமோ அண்ணை?"
"பார். திருப்பித் தா. நான் நிக்கோணும்."

உள்ளே, தவளைக் கால் மடிந்தது போல ஒரு வில்.
அதே போல வளைத்தான்.
வில் சூட்டில் சோரும்,
ஆகவே பூட்டைத் திரியிலிருந்து இரண்டு சாண் தள்ளினோம்.
நடுத்துண்டில், கை வழுக்காமல், சைக்கிள் ரியூப்.
எரிமுனைகளுக்குப் பால்மாப் பேணி,
மண்ணெண்ணெய் மணத்துக்கு மூன்று சொப்பிங் பை.
முழுக்கோலும் பள்ளிக்கூடப் பைக்குள்.
கொண்டக்டர் என்னையும் பையையும் பார்த்து
பேச ஒன்றுமில்லாமல் மீதிக்காசு தந்தான்.

விசுவமடுவில் ஒரு வாசிகசாலையின் ஆண்டுவிழா.
லைற்றை நிப்பாட்டினார்கள்.
பூட்டு அசையவில்லை.
வேகம் கூட்டினேன்.
அப்போதுதான், பொத்தான் துளைகளில் காற்று நுழைந்து
மெல்ல, பிறகு கூராக,
கூவிக்கொண்டு வந்தது.

வந்தது என்று எழுதுகிறேன்.
சுழலும் பொருளின் சத்தம்
வருவதும் போவதுமாகத்தான் இருக்கும்.
அந்தத் திடலில்
இருபது வயது தாண்டிய எல்லாருக்கும்
அது வந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் வரிசையில் ஒருவர் சடாரென்று குந்தினார்.
பிறகு செருப்புத் தேடுகிற மாதிரி மணலைத் தடவினார்.
செருப்பு காலில் கிடந்தது.
ஒரு தாய் மகளின் தலையைக் கையால் மூடினாள்,
மகள் அதைத் தட்டிவிட்டுக் கைதட்டினாள்.
நான் வேகத்தைக் குறைத்தேன்.
கூவல் நின்றது. நெருப்பு சோம்பலாகச் சுற்றியது.
"களைச்சிட்டியோ பிள்ளை?" என்றார் தலைவர்.
ஓம் என்றேன்.

மூன்றாம் வடிவத்தில்
துளைகளுக்கு உள்ளே ஓர் அடைப்பு.
தக்கை காய்ந்து சுருங்கியது.
மெழுகு உருகியது.
கடைசியில் பழைய பாட்டாச் செருப்பின் அடியை
வட்டமாய் வெட்டிச் செருகினான் கேதாரன்.
ஒன்பது கிராம் கூடிற்று.
ஏன் அடைக்கிறோம் என்று அவன் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.
பட்டறைக்குப் பின்னால்
நெருப்பில்லாமல் முழுவேகத்தில் சுழற்றச் சொல்லிவிட்டு
கிறீஸ் கையைத் துடைக்காமல்
கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.
கனநேரம் நின்றான்.
"இன்னும் கொஞ்சம் கூவுது" என்றான்,
"இடப்பக்கம்."